நிலக்கரிச் சுரங்கமும் மலாக்காத் தோட்டக் குடும்பங்களும்

மலாக்கா மாநிலத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த தமிழர் எவரையேனும் அணுகி, உம்முடைய பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று வினவினால், பால்மரம் வெட்டினார் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அது வியப்புக்குரியதன்று. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டுத் தோட்டத் தொழிலுக்கு வித்திட்டார். அத்தொழில் பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரிந்தது. அந்நாள் தொட்டு இம்மாநிலத்துத் தமிழர் வரலாறு ரப்பரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பள்ளி ஆண்டு மலர்களிலும் ஆலயக் குடமுழுக்கு மலர்களிலும் நாம் அதையே திரும்பத் திரும்பப் படிக்கின்றோம்.

எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான். ஆயினும், என் தந்தையைப் பெற்ற அப்பாயி மட்டும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "மூத்தார் கரிக்குப் போனவரு" என்பார். மூத்தார் என்றது தம் கணவரின் தமையனாரை. கரிக்குப் போவதென்றால் என்னவென்று சிறுவனாயிருந்த எனக்கு விளங்கவில்லை. காட்டில் மரம் வெட்டி அடுப்புக்கரி சுடும் தொழில் போலும் என்று எண்ணிக்கொண்டேன். தீபாவளிக்கு முந்திய நாள் இறந்தோர்க்குப் படையலிடும்போது அப்பாயி நான்கு இலைகளே போடுவார். மூத்தாருக்கும் ஓர் இலை போடலாமே என்று யாரேனும் கூறினால், "சேதி வராத ஆளுக்கு எப்படிப் போடுறது?" என்று தடுத்துவிடுவார். உயிரோடிருப்பவருக்குப் படையலிடுவது பெருங்குற்றம் என்பது அவர் நம்பிக்கை. அப்பாயி மறைந்த பின் படையலிடும் பொறுப்பு என் தந்தையாரிடம் வந்தது. அவரும் நான்கு இலைகளோடு நிறுத்திக்கொண்டார்.

மலாயாத் தீபகற்பத்தில் அக்காலத்தில் நிலக்கரி என்றால் அது பெரும்பாலும் ஓர் ஊரையே குறிக்கும். சிலாங்கூரில், ரவாங்கிற்கும் குவாங்கிற்கும் அணித்தே அமைந்த பத்து ஆராங் என்பதே அவ்வூர். மலாய் மொழியில் பத்து என்பது கல். ஆராங் என்பது கரி. 1908ஆம் ஆண்டளவில் அங்கே நிலக்கரி இருப்பது அறியப்பட்டது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 1913இல் மலாயன் காலியரீஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். குவாங்கிலிருந்து ஒரு கிளை ரயில் பாதை இடப்பட்டு, 1915இல் கரி வெளிவரத் தொடங்கிற்று. மலாயா ரயில்வேயின் நீராவி எஞ்சின்களும், ஈயச் சுரங்கங்களில் இயங்கிய கப்பல்களும், கோலாலம்பூருக்கு மின்சாரம் வழங்கிய பங்சார் மின்நிலையமும் அக்கரியை உண்டே ஓடின. 1940இல் மட்டும் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் டன் கரி எடுக்கப்பட்டது. அக்கரி உயர்ந்த தரத்ததன்று. குவித்து வைத்தால் தானே புகைந்து தீப்பற்றும் இயல்புடையது. ஆயினும் கப்பலேற்றிக் கொணர வேண்டாத கரியாதலால் அதற்கு மதிப்பிருந்தது.

அங்கே நிலத்தைக் குடைந்து சென்று வெட்டும் சுரங்கங்களும் இருந்தன. மேல்மண்ணை அகற்றிவிட்டுப் பள்ளமாக வெட்டும் திறந்த வெட்டுகளும் இருந்தன. நிலத்தடியிற் சென்றவர்களுள் சீனரே மிகுதி. திறந்த வெட்டுகளிலும், ரயில் பாதையிலும், செங்கல் சூளைகளிலும், மண் வாரும் பணிகளிலும் தமிழர்களைக் காண முடிந்தது. தொழிலாளருட் பலர் நிறுவனத்தின் நேரடி ஆள்களாக இல்லாமல் குத்தகையாளரின் ஆள்களாக இருந்தனர். பின்னாளில் ஒருவரைத் தேடிப் புறப்படுவோர்க்குப் பெரும் இடராக நிற்பது இக்குத்தகை முறையேயாகும். குத்தகையாளர் தம் ஆள்களுக்குக் கணக்கு வைத்திருந்தாலும், அக்கணக்குப் புத்தகம் அவரோடு போயிற்று.

ரப்பர்த் தோட்டத்திலிருந்த ஒருவர் கரிச்சுரங்கத்தை நாடுவானேன் என்னும் வினா எழலாம். 1920களில் தோட்டத்து ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் கூலி என்று முக்கிய வட்டாரங்களில் வரையறுத்திருந்தனர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையைக் கீழே தள்ளியது. கூலி குறைந்தது, பின்னர் வேலையே குறைந்தது. இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் 1930களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர். திரும்பிப் போக மனமில்லாதவர்களும், ஊரில் கடன்பட்டு வந்தமையால் போக முகமில்லாதவர்களும் வேறு வேலை தேடினர். என் பாட்டனாரின் தமையனார் எந்த வகையினர் என்பது எனக்குத் தெரியாது. தம்பின் நிலையத்தில் ரயிலேறினார் என்பது மட்டும் அப்பாயியின் வாக்கு. தம்பினில் ஏறினால் சிரம்பான், கோலாலம்பூர் வழியாகக் குவாங்கிற்குச் சென்று, அங்கே வண்டி மாறிக் கரிச்சுரங்கத்தை அடைந்துவிடலாம். ஜப்பான்காரன் வருவதற்கு முன் அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்ததாகவும், எழுதப் படிக்கத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அதனைப் படித்துக் காட்டியதாகவும் அப்பாயி கூறுவார். அக்கடிதம் நான் பிறப்பதற்கு முன்பே கறையான் அரித்துப் போயிற்று.

தலைமையாசிரியராகப் பணியேற்ற பின், விடுமுறை நாள்களில் இத்தேடலை நான் மேற்கொண்டேன். முதலில் நூல்களை நாடினேன். பத்து ஆராங்கைப் பற்றி எழுதப்பட்டவை குறைவில்லை. 1936ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தையும், 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தையே தம் கைக்குள் கொண்டு, தமக்கென ஒரு நிருவாகக் குழு அமைத்துக்கொண்டதையும், மார்ச் 27ஆம் நாள் காவற்படையினர் புகுந்து அதனை மீட்டதையும் வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட மறுமாதமே, 1948 ஜூலையில், ஆயுதமேந்தியோர் அவ்வூரைத் தாக்கிச் சிலரைக் கொன்று இயந்திரங்களைச் சிதைத்ததும் எழுதப்பட்டிருக்கிறது. இவற்றிலெல்லாம் முதலாளிகளின் பெயருண்டு. கட்சித் தலைவர்களின் பெயருண்டு. காவல் அதிகாரிகளின் பெயருண்டு. இந்தியத் தொழிலாளர் என்னும் சொல்லும் ஆங்காங்கே வரும். ஆனால் அச்சொல்லுக்குள் இருந்த மனிதர் எவரும் பெயரோடு வரவில்லை.

இங்கே தென்னாப்பிரிக்கத் தமிழரை ஒப்புநோக்குதல் தகும். ரஸ்ஸல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய அதே 1913ஆம் ஆண்டு அக்டோபரில், நேட்டால் மாநிலத்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த இந்தியர்கள், மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைத் தூண்டியெழுப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற பெண்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் தலைமையில் எல்லை கடந்து நடந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்டோருள் அச்சுரங்கத் தொழிலாளரே மிகுதி. அப்போராட்டத்திற் சிறை சென்று 1914 பிப்ரவரியில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையை அறியாத தமிழர் இலர்.

நான் சொல்ல வந்தது போராட்டத்தைப் பற்றியன்று. நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளுக்கு 1860ஆம் ஆண்டில் வந்த முதற்கப்பலாகிய டுரூரோ தொடங்கி 1911 வரை, ஆளுக்கொரு எண்ணிட்டுப் பதிவேடு எழுதினர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர், வந்த கப்பல், வேலைக்கமர்த்தியவர் என்று அத்தனையும் அதிலுண்டு. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் வரிகள் அப்பதிவேடுகளில் இன்றும் இருக்கின்றன. டர்பனில் வாழும் ஒரு தமிழ் இளைஞன், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவனாயினும், தன் முப்பாட்டனின் எண்ணை அறிந்திருந்தால் ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்துவிடுவான். மலாயாவிலோ இந்தியருக்கான ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டுக் கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி முறையில் வந்தவன் சட்டத்தின் கண்ணில் சுதந்திரத் தொழிலாளி. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவன் தோட்டத்தை விட்டு நீங்கலாம். ஆதலின் அவனை வாழ்நாள் முழுதும் பின்தொடரும் எண் எதுவும் அவனுக்கில்லை. அடிமைத்தனத்திற்கு அருகில் நின்றவர்களுக்கு ஆவணம் மிஞ்சியது. சற்றே கால்வீசி நடக்க முடிந்தவர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை. இதனை எண்ணுந்தோறும் எனக்குக் கசப்பே தோன்றுகிறது.

அக்காலத்து ஆட்சிப் பிரிவும் தேடலுக்குத் தடையாக நின்றது. மலாக்கா, பினாங்கு சிங்கப்பூரோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்ற நாடுகளுள் ஒன்று. சிலாங்கூரோ கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குப் போவதாகத் தொழிலாளி எண்ணிக்கொண்டு ரயிலேறினாலும், காகிதத்தின் கணக்கில் அவன் ஓர் ஆட்சியை விட்டு வேறோர் ஆட்சிக்குட் போய்விடுகிறான். மலாக்காவில் எத்தனை முறை தேடினாலும் சிலாங்கூரிற் பிறந்த அவன் பிள்ளைகள் அகப்படமாட்டார்கள்.

இதற்கிடையே 1942இல் ஜப்பானியர் வந்தனர். சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1905இல் திறக்கப்பட்ட தம்பின்-மலாக்காக் கிளைப் பாதையின் தண்டவாளங்களையும் ஜப்பானியர் பெயர்த்து அப்பாதைக்கே கொண்டு போயினர். மூத்தாரும் சயாமுக்குப் போய் மாண்டிருப்பார் என்று எங்கள் உறவினர் பலர் முடிவுகட்டியிருந்தனர். சேதி வராத ஒவ்வொருவரையும் சயாம் கணக்கில் எழுதிவிடுவது நம் மக்களின் வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் மெய்யாக இருந்தமையால் எவரும் மேலே விசாரிக்கவில்லை.

பத்து ஆராங்கிற்கு இருமுறை சென்று வந்தேன். பழைய செங்கல் சூளையின் புகைபோக்கிகள் இன்றும் வானத்தை நோக்கி நிற்கின்றன. திறந்த வெட்டுப் பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாகிவிட்டன. அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிக் கேட்டேன். போரின் பின் ரயில்வேயும் மின்நிலையங்களும் எண்ணெய்க்கு மாறியதையும், 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுரங்கம் மூடப்பட்டதையும் அவர் சரியாகவே கூறினார். "அப்புறம் ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க" என்றார். எந்தப் பக்கம் என்பதற்கு அவரிடம் விடையில்லை.

விடை என் கையருகிலேயே இருந்ததை நான் அறியவில்லை. மலாக்காவில் நான் பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்று, தோட்டம் கைமாறியதால் வேறிடத்திற்கு மாற்றப்படவிருந்தது. பழைய அலமாரியைக் காலி செய்தபோது, ஓரங்கள் அரிக்கப்பட்ட சேர்க்கைப் பதிவேடுகள் நான்கு, எரிப்பதற்கென ஒதுக்கிய தாள்கட்டுகளுக்கிடையே கிடந்தன. பள்ளிப் பதிவேட்டின் அருமையை ஆசிரியர்களாகிய நாமே உணர்வதில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாற் பள்ளி வைக்க வேண்டும் என்று தோட்டங்களைப் பணித்தது. அரசாங்க உதவித்தொகை பிள்ளைகளின் வருகையைப் பொறுத்திருந்தது. ஆகவே தோட்ட நிருவாகம் வேறெந்தக் கணக்கில் அசட்டையாயிருந்தாலும், பள்ளிக் கணக்கில் அசட்டையாயிருக்க முடியவில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பனார் பெயர், அவர் தொழில், முன்பு படித்த பள்ளி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் ஆகிய இத்தனையும் அழகிய தமிழ்க் கையெழுத்தில் அங்கே இருந்தன. நேட்டாற் பதிவேட்டுக்கு நிகராக நம்மிடம் ஏதேனும் இருக்குமாயின் அது இதுவேயாகும்.

1960ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டியபோது, முன்பு படித்த பள்ளி என்னும் கட்டத்தில் 'பத்து ஆராங்' என்று ஏழு பிள்ளைகளுக்கு எழுதியிருந்தது. ஏழும் ஒரே திங்களில் சேர்ந்தவை. சுரங்கம் மூடப்பட்டதும் ஒரு சில குடும்பங்கள் சேர்ந்தே மலாக்காவுக்குத் திரும்பியிருக்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. அவ்வேழு பேருள் நான்காம் வகுப்பிற் சேர்ந்த ஒரு பெண் குழந்தையின் தகப்பனார் பெயர், எங்கள் மூத்தாரின் பெயராக இருந்தது. தொழில் என்னும் கட்டத்தில் 'காலமானார்' என்றிருந்தது.

பெயர் ஒன்றாயிருப்பதனால் ஆள் ஒன்றென்று கொள்ளலாகாது. முனியாண்டியும் கறுப்பையாவும் தோட்டத்துக்குப் பத்துப் பேர் இருந்த காலம் அது. ஆகவே பெண்ணின் பெயரைப் பின்தொடர்ந்தேன். நீங்கிய காரணம் என்னுமிடத்தில் அண்டைத் தோட்டம் ஒன்றின் பெயர் இருந்தது. அத்தோட்டமும் இன்று வீட்டுமனைகளாகிவிட்டது. அங்கிருந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் குடியேறியோரை விசாரித்து, ஆலய நிருவாகத்தாரையும் பழைய தொழிற்சங்கத்தாரையும் கேட்டு, ஓராண்டுக்குப் பிறகு ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலை அடைந்தேன். அவர் தம் அடையாள அட்டையைக் காட்டினார். 1990 முதல் வழங்கப்பட்ட பன்னிரண்டு இலக்க எண்ணில் நடுவே நிற்கும் ஈரிலக்கம் பிறந்த மாநிலத்தைக் காட்டும் என்பது பலரும் அறிந்ததே. மலாக்காவுக்கு 04, சிலாங்கூருக்கு 10. அந்த வீட்டில் மற்ற எல்லாருடைய அட்டையிலும் 04 இருந்தது. அவருடையதில் மட்டும் 10 இருந்தது. பிள்ளைகள் எவரும் அதனைப் பற்றி அவரிடம் கேட்டதேயில்லை என்றார்.

அவருக்குத் தகப்பனாரைப் பற்றி நினைவு குறைவு. இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர் அவர். தந்தை ஜப்பான்காரன் காலத்திற் காட்டோரமாய் மரவள்ளி பயிரிட்டுப் பிழைத்ததாகவும், சண்டை ஓய்ந்த பின்னரே மணம் செய்துகொண்டதாகவும், 1952இல் காய்ச்சல் கண்டு இறந்ததாகவும் தாயார் கூறக் கேட்டிருக்கிறார். தாயார் சூளையிற் கல் சுமந்து பிள்ளைகளை வளர்த்தார். சுரங்கம் மூடியபோது, எங்கே போவது என்ற பேச்செழுந்ததாம். "அப்பா மலாக்காப் பக்கத்திலேருந்துதான் வந்தாரு, அங்கே போனா அவரு ஆளுங்க இருப்பாங்கன்னு அம்மா சொல்லிச்சு, வாத்தியாரே" என்றார். வந்து தேடினார்களா என்று கேட்டேன். எந்தத் தோட்டம் என்று தாயாருக்குத் தெரியவில்லையாம். அக்காலத்தில் எங்கள் பாட்டனார் இருந்த தோட்டம் அங்கிருந்து பதினைந்து கல் தொலைவுதான்.

குலதெய்வம் எது என்று கேட்டேன். சிறுவாச்சூர் மதுரகாளி என்றார். எங்களுக்கும் அதுவே. பெரம்பலூர் வட்டாரத்திலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவ்வம்மனே குலதெய்வமாதலால், அதனையும் முடிந்த சான்றாக நான் கொள்ளவில்லை. பின்னர் அவர் உள்ளே சென்று ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தார். தகப்பனார் ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று தாயார் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம். விளிம்பின் கீழே, தேய்ந்த எழுத்தில், ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. அது என் பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர். எங்கள் வீட்டிலுள்ள பித்தளைத் தாம்பாளத்திலும் அப்பெயரே, அதே வளைவான எழுத்தில், வெட்டப்பட்டிருக்கிறது.

அவருடைய தகப்பனார் இறந்த நாள் எது என்று வினவினேன். ஆங்கிலத் தேதி அவருக்குத் தெரியவில்லை. பங்குனி உத்திரம் கழிந்து மூன்றாம் நாள் என்று தாயார் ஆண்டுதோறும் விளக்கேற்றி வந்ததைக் கூறினார். நான் அதனைக் குறித்துக்கொண்டேன்.

எண்பதைக் கடந்த என் தந்தையாரை அடுத்த கிழமையே அவ்வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அவர் செம்பை நெடுநேரம் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அம்மூதாட்டியைப் பார்த்து, "ஏம்மா, நீ எனக்குத் தங்கச்சி முறை ஆகணும்" என்றார். அதுவரை என்னை வாத்தியார் என்றழைத்தவர், புறப்படும்போது, "போயிட்டு வாங்க, மருமகனே" என்றார். அவ்வாண்டுத் தீபாவளிக்கு முந்திய நாள் அவரும் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். தந்தையார் ஐந்து இலைகள் போட்டார்.

நான்கு பதிவேடுகளையும் நான் படியெடுத்து வைத்துள்ளேன். மற்ற ஆறு பிள்ளைகளின் தகப்பன்மார் பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. மலாக்காவில் எவருடைய இல்லத்திலேனும் கரிக்குப் போனவர் ஒருவரைப் பற்றிய பேச்சு வழங்குமாயின், அவர்கள் வந்து அவற்றைப் பார்க்கலாம்.